குணசீலத்துக்கு நானும் போனேன்

இது கொஞ்சம் நீளமான இழை. ரெண்டு மாசமா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு டாக்டரா நான் பண்ணின தப்பும் இதுல இருக்கு. தள்ளிப் போனதுக்கு அதுதான் காரணம்னு நினைக்கிறேன். அந்தக் குடும்பத்துகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். ஆளை அடையாளம் காட்டற விவரங்களை மாத்தியிருக்கேன்.

நான் இருக்கிறது பனமரத்துப்பட்டிப் பக்கம். சேலத்துக்காரங்களுக்கு எங்க ஏரியைத் தெரியும். சேலம் டவுனுக்குக் குடிதண்ணி கொடுக்க 1911-ல கட்டினது, 2000 ஏக்கருக்கு மேல. சுத்தியும் மலை, ஜருகுமலைப் பக்கம் நல்ல மழை பெஞ்சா தண்ணி வரும். எங்க தாத்தா காலத்துக் கதையில அது கடல் மாதிரி இருக்கும். நான் அதிகமாப் பார்த்தது சீமைக்கருவேலம்தான். ஊர்ல தொழில்னா பூ. அரளி, சம்பங்கி, குண்டுமல்லி. விடியறதுக்கு முன்னாடி தலையில டார்ச் கட்டிக்கிட்டு அரளி மொட்டு பறிக்கப் போவாங்க. எங்க கிளினிக்குக்கு காலையில வர்றவங்க பாதிப் பேர் கையில அரளிப் பால் பட்ட கறையோடதான் வருவாங்க.

அப்படி ஒரு பூக்காரக் குடும்பம். ஒரே பையன், 23 வயசு. பாலிடெக்னிக் முடிச்சுட்டு ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டு இருந்தவன். ஒரு நாள் சொல்லாம கொள்ளாம கிளம்பி வந்துட்டான். ராத்திரி தூக்கமில்லை. பக்கத்துத் தோட்டத்துல இருக்கிறவங்க தன்னைப் பத்தியே பேசறாங்கன்னான். அப்புறம் செல்போன் டவர் வழியா பேசறாங்கன்னான். சாப்பாட்டுல எதையோ கலக்கறாங்கன்னு அம்மா கையால சாப்பிடறதை நிறுத்திட்டான். மனச்சிதைவு நோய். சேலம் ஜி.ஹெச்.சுக்கு எழுதிக் கொடுத்தேன், மனநல மருத்துவர் பார்த்து ரிஸ்பெரிடோன் ஆரம்பிச்சார். மூணு மாசத்துல பையன் பூ பறிக்கப் போற அளவுக்கு வந்துட்டான். பெருமையா இருந்துச்சு எனக்கு.

நாலாவது மாசம் மாத்திரையை நிறுத்திட்டாங்க.

ஏன் நிறுத்தினாங்கன்னு நான் கேட்கவே இல்லை. "நல்லாயிட்டான்னு நிறுத்திருப்பீங்க, எல்லாரும் பண்றதுதானே"ன்னு நானே முடிவு பண்ணிட்டேன். திரும்பவும் தூக்கம் போச்சு, குரல் வந்துச்சு. அப்போ அந்த அம்மா என்கிட்ட வந்து தயங்கித் தயங்கி கேட்டாங்க: "டாக்டரம்மா, கோச்சுக்காதீங்க. குணசீலத்துல ஒரு மண்டலம் வெச்சா சரியாயிடும்னு அவங்க பெரியம்மா சொல்றாங்க. கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

அன்னிக்கு ஓ.பி.யில நாப்பது பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க. அது ஒரு சாக்குதான், தெரியும். நான் சொன்னது இதுதான்: "கோயிலுக்குப் போனா சரியாகும்னா எதுக்குக்கா என்கிட்ட வர்றீங்க? அங்கேயே போங்க." குரலை உயர்த்தித்தான் சொன்னேன். வெளியில பெஞ்சுல இருந்தவங்களுக்கும் கேட்டிருக்கும்.

அவங்க ஒண்ணும் சொல்லலை. பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் வரலை.

எட்டு மாசம் கழிச்சு அப்பா கூட்டிட்டு வந்தார், பையனோட கால்ல கட்டு போடறதுக்கு. கணுக்காலைச் சுத்தி வளையம் போட்ட மாதிரி புண். நான் பேசின பேச்சுல குணசீலத்துக்கும் போகலை, ஜி.ஹெச்.சுக்கும் போகலை. யாரோ சொன்னாங்கன்னு வேற ஒரு இடத்துல கொண்டு போய் விட்டிருக்காங்க. பேர் வேண்டாம். அங்க ராத்திரி சங்கிலி போட்டிருக்காங்க. அஞ்சு வாரம். அப்பா பார்க்கப் போனப்போதான் தெரிஞ்சு, சண்டை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கார்.

புண்ணைக் கழுவி மருந்து வெச்சுக் கட்டறப்போ பையன் கேட்டான், "மேடம், நீங்க என் மேல கோவமா இருக்கீங்களா?"ன்னு. குரல் கேட்கிற நோயாளி கேட்கிற கேள்விதான், யார் முகத்தைப் பார்த்தாலும் கோவமாத் தெரியும்னு பாடத்துல படிச்சிருக்கேன். ஆனா அன்னிக்கு அந்தக் கேள்வியில நோய் எவ்வளவு, நியாயம் எவ்வளவுன்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலை.

இந்தச் சங்கிலி விஷயத்தை நம்ம ஊர்ல யாரும் மறந்திருக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலையில ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சுது. 28 பேர் செத்தாங்க. சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியலை. அப்புறம்தான் அரசாங்கம் அந்த மாதிரி காப்பகங்களை மூடினது, உச்ச நீதிமன்றம் தானா வழக்கை எடுத்தது எல்லாம். 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 95-ஆவது பிரிவு தெளிவாவே சொல்லுது: மனநோய் உள்ளவரை எந்த வகையிலும், எந்த முறையிலும் சங்கிலியில கட்டக் கூடாது. சட்டம் வந்து இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம் என் டேபிள் மேல ஒரு கணுக்கால் இருந்துச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இந்தத் தடவை அம்மா எதுவும் கேட்கலை. கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க. அப்பாதான் கேட்டார்: "மாத்திரையும் கொடுக்கறோம் மேடம். ஆனா இவ மனசு கேட்க மாட்டேங்குது. ஒரு தடவை குணசீலம் போயிட்டு வந்துடறோமே."

நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சேன். குணசீலத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஒண்ணுமே தெரியாது. பஸ்ல போறப்போ போர்டு பார்த்திருக்கேன், அவ்வளவுதான். தெரியாத இடத்தைப் பத்தித்தான் அன்னிக்கு அவ்வளவு சத்தமாப் பேசியிருக்கேன்.

"ஞாயித்துக்கிழமை கிளினிக் லீவு. நானும் வர்றேங்கண்ணா"ன்னு சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரலை, திரும்பக் கேட்டார்.

நாமக்கல் வரைக்கும் நாலு வழிச் சாலை. அதுக்கப்புறம் தொட்டியம், முசிறி வழியா திருச்சி ரோடு. தொட்டியம் வந்துட்டா கண்ணுக்கு எட்டின வரை வாழை. முசிறிப் பக்கம் கோரை காயப் போட்டிருப்பாங்க. எங்க ஊர் வறட்சியைப் பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை ஒரு மாதிரி கூச்சம் கொடுக்கும். பையன் ஜன்னலோரம். வழியெல்லாம் வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்துக்கிட்டே வந்தான். காவிரி தெரிஞ்சதும் நிறுத்திட்டு, "எவ்ளோ தண்ணிம்மா"ன்னான். அன்னிக்கு அவன் தெளிவாச் சொன்ன முதல் வாக்கியம்.

குணசீலம் திருச்சிக்கு மேற்கே இருபது கிலோமீட்டர் சுமாருக்கு, காவிரி வடகரையில. பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். தல புராணப்படி குணசீலர்னு ஒரு ரிஷி ஆத்தங்கரையில ஆசிரமம் வெச்சுத் தவம் இருந்த இடம், அதனாலதான் அந்தப் பேர். இங்க பெருமாள் கையில செங்கோலோட நிக்கறார். மனசு கலங்கினவங்களைக் கூட்டிட்டு வந்து 48 நாள் தங்க வைக்கறது தலைமுறை தலைமுறையா இருக்கிற வழக்கம். உச்சிக்கால பூஜைக்கும் அர்த்தஜாம பூஜைக்கும் அவங்களை உட்கார வெச்சு முகத்துல தீர்த்தம் தெளிப்பாங்க.

இதெல்லாம் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியாம இருந்தது இன்னொரு விஷயம். ஏர்வாடிக்குப் பிறகு மத்த இடங்கள் மூடிக்கிட்டு இருந்த காலத்துல, இந்தக் கோயில் சார்புல மனநல மறுவாழ்வு மையம் ஒண்ணு அரசு உரிமத்தோட வந்திருக்கு. மனநல மருத்துவர் வந்து பார்க்கற ஏற்பாட்டோட. மாத்திரையும் உண்டு, தீர்த்தமும் உண்டு.

நான் போனது போலீஸ் ரெய்டு போற மனசோட. அதை ஒத்துக்கணும். செருப்பைக் கழட்டினதுல இருந்து எல்லார் காலையும்தான் பார்த்துக்கிட்டே போனேன். முகத்தை இல்லை, காலை. நான் பார்த்த வரைக்கும் சங்கிலித் தழும்பு எதுவும் கண்ல படலை. ஒரு பெண்ணுக்குக் கால் பாதம் வீங்கியிருந்துச்சு, அவ்வளவுதான். அவங்க அம்மாகிட்ட ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன். பழக்க தோஷம்.

விவரம் கேட்கப் போனோம். அங்க இருந்த பெரியவர் ஒருத்தர் பையனை ஒரு பார்வை பார்த்துட்டு, முதல்ல கேட்டது ஜாதகமோ நட்சத்திரமோ இல்லை. "என்ன மாத்திரை போயிட்டிருக்கு? சீட்டு கொண்டு வந்தீங்களா? நிறுத்திடலையே?"

அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன்.

அப்புறம் அவர் ரெண்டாவது கேள்வி கேட்டார். "போன தடவை ஏன் நிறுத்தினீங்க?" அம்மா சொன்னாங்க: "எச்சி ஒழுகிட்டே இருந்துச்சுங்க. கை நடுங்கும். பொம்மை மாதிரி நடந்தான். பூ பறிக்க வர்ற பொம்பளைங்க சிரிச்சாங்க. அவனே அழுதுட்டு, இனி போட மாட்டேன்னுட்டான்."

ரிஸ்பெரிடோனோட பக்க விளைவு. எம்.பி.பி.எஸ். மூணாம் வருஷப் பாடம். டோஸைக் குறைச்சிருக்கலாம், டிரைஹெக்ஸிபெனிடில்னு ஒரு சின்ன மாத்திரை சேர்த்திருக்கலாம், வேற மருந்துக்கு மாத்தச் சொல்லி எழுதியிருக்கலாம். பத்து ரூபாய் விஷயம். ஒரு வருஷமா எனக்குத் தெரியாம இருந்ததை ஒரு கோயில் ஆபீஸ்ல நின்னுக்கிட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவங்க மறைக்கலை. நான் கேட்கலை.

உச்சிக்கால பூஜை. எனக்குக் கோயில் பழக்கம் கம்மி, ஓரமா நின்னேன். வரிசையா உட்கார வெச்சிருந்தாங்க. ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் மாதிரி ஒருத்தர், ஒரு காலேஜ் பொண்ணு, கையைப் பிசைஞ்சுக்கிட்டே ஒரு அம்மா. முகத்துல பளிச்சுன்னு தண்ணி விழுந்ததும் ஒவ்வொருத்தரும் ஒரு நொடி திடுக்கிட்டுக் கண்ணை மூடித் திறந்தாங்க. எங்க பையனுக்கும் விழுந்துச்சு. வழிஞ்ச தண்ணியைத் துடைக்காம அப்படியே உட்கார்ந்திருந்தான். அவங்க அம்மா முந்தானையால துடைக்கப் போனாங்க, பக்கத்துல இருந்தவங்க வேண்டாம்னு கையைப் பிடிச்சாங்க.

நான் கவனிச்சது வேற ஒண்ணு. அங்க யாரும் யாரையும் முறைச்சுப் பார்க்கலை. முணுமுணுத்தா திரும்பிப் பார்க்கலை. எங்க ஓ.பி.யில இவன் உட்கார்ந்தா பக்கத்து நாற்காலி காலியாயிடும். இங்க ஒருத்தர் இவன் தோளைத் தட்டி, "தள்ளி உக்காருப்பா, எனக்கும் இடம் வேணும்"னார். அவ்வளவுதான். இவனும் தள்ளி உட்கார்ந்தான்.

மருத்துவரா என் கணக்கையும் சொல்லிடறேன். மனச்சிதைவு மருந்து முழுசா வேலை செய்யறதைப் பார்க்க நாலுல இருந்து ஆறு வாரம் பொறுக்கணும். 48 நாள்ங்கறது ஏழு வாரத்துக்கு ஒரு நாள் குறைச்சல். மாத்திரையை ஒழுங்காப் போட்டுக்கிட்டு ஒரு மண்டலம் இருந்தா, மருந்துக்குத் தேவையான நேரம் கிடைச்சுடுது. வீட்ல ரெண்டாவது வாரமே, "இன்னும் குணமாகலையே"ன்னு மருந்தை மாத்தறவங்க, இங்க நாளை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அதோட நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், திட்டறதுக்கு ஆள் கம்மி. வீட்டுல குத்தல் பேச்சு அதிகமா இருந்தா இந்த நோய் சீக்கிரம் திரும்புதுன்னு லண்டன்ல ஜார்ஜ் பிரவுனும் அவரோட கூட்டாளிகளும் ரொம்ப நாள் முன்னாடியே ஆராய்ச்சி பண்ணிக் காட்டியிருக்காங்க. பல நாடுகள்ல திரும்பத் திரும்ப அதேதான் தெரிஞ்சுது.

தீர்த்தம் மட்டும் போதுமான்னு கேட்பீங்க. 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை வந்துச்சு, ரகுராமும் மத்தவங்களும் எழுதினது. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூர்ல முத்துசாமி கோயில்ல தங்கின 31 பேரைப் பார்த்தாங்க. மருந்து கிடையாது, சராசரி ஆறு வாரம். நோயோட அளவுகோல்ல கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. படிக்கிற காலத்துல இதைக் கேட்டுச் சிரிச்சிருக்கேன். இப்போ சிரிக்கலை. ஆனா தலையில தூக்கி வெச்சும் ஆடலை. 31 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. ஆறு வாரத்துல கொஞ்சம் தானாவே தணியற நோயும் உண்டு. அதனால மருந்தை நிறுத்திட்டுக் கோயிலுக்குப் போங்கன்னு நான் சொன்னதா யாரும் எடுத்துக்காதீங்க. சாப்பிடாம தண்ணி குடிக்காம இருக்கிறவர், தற்கொலை பேச்சு பேசறவர், கையில கிடைச்சதை எடுத்து அடிக்கிறவர், இவங்களுக்கு முதல்ல ஆஸ்பத்திரி. 14416, டெலிமானஸ், இலவசம், தமிழ்ல பேசுவாங்க. நம்பரைச் சேமிச்சு வெச்சுக்கோங்க.

ஆனா நம்ம பக்கத்துலயும் ஒரு கணக்கு இருக்கு, அதையும் சொல்லணும். சுவிட்சர்லாந்துல போடன்சேன்னு ஒரு பெரிய ஏரி. அதோட கரையில மியூன்ஸ்டர்லிங்கன்னு ஒரு ஊர், பழைய கன்னியர் மடம். அந்த மடத்து இடத்துல 1840-ல ஆஸ்பத்திரியும் மனநோய் விடுதியும் ஆரம்பிச்சாங்க. மைத்திட்டுப் படம் காட்டிக் கேட்பாங்களே, அந்த ரோர்ஷாக் கொஞ்ச வருஷம் வேலை பார்த்த இடம் அது. ரோலண்ட் கூன் அங்கதான், மனச்சிதைவுக்குன்னு அனுப்பின ஒரு மருந்து அதுக்குச் சரிப்படாம மனச்சோர்வுக்குக் கேட்கறதைக் கண்டுபிடிச்சு 1957-ல எழுதினார். இமிப்ரமின். இன்னிக்கு மனச்சோர்வுக்கு இருக்கிற மாத்திரைகளுக்கெல்லாம் ஒரு வகையில மூத்த அண்ணன். நானே எழுதிக் கொடுத்திருக்கேன். பிரார்த்தனை நடந்த கட்டடத்துல அறிவியல் ஜெயிச்சதுக்கு உதாரணமா இதை மத்தவங்ககிட்ட பெருமையாச் சொல்லியிருக்கேன்.

2019-ல வரலாற்று ஆய்வாளர்கள் அந்த ஆஸ்பத்திரிப் பழைய ஃபைல்களைத் தோண்டி ஒரு புத்தகம் போட்டாங்க. பல வருஷமா பல பரிசோதனை மருந்துகளை அங்க இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்திருக்காங்க, நிறையப் பேருக்குச் சொல்லாமலே. சங்கிலி இல்லை. ஏரி அழகா இருக்கும். ஆனா அங்கேயும் யாரும் கேட்கலை.

பெல்ஜியத்துல கேல்னு இன்னொரு ஊர். டிம்ப்னாங்கற புனிதை பேர்ல ஒரு சர்ச். நம்ம குணசீலம் மாதிரியே அங்கேயும் மனநோயாளிகளைக் கூட்டிட்டு வருவாங்க. சர்ச்சுல இடம் பத்தாம ஊர்க்காரங்க அவங்கவங்க வீட்டுல தங்க வைக்க ஆரம்பிச்சாங்க. பல நூற்றாண்டு ஆச்சு, இன்னும் நடக்குது, இப்போ அரசாங்க மனநல அமைப்போட சேர்ந்து. அந்த ஊரையும் ஒரு தடவை பார்க்கணும்னு ஆசை. விசா எடுக்கறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்.

சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். நோய் பேர், மருந்து, டோஸ், என்ன பக்க விளைவு வந்துச்சு, எதுக்காக நிறுத்தினாங்க, என் போன் நம்பர். முந்தின நாளே ஜி.ஹெச். டாக்டர்கிட்ட போன்ல பேசி, மருந்து நேரத்துக்குப் போகணும், கட்டிப் போடக் கூடாது, அது ரெண்டும் சரியா இருந்தா அனுப்பலாம்னு முடிவு பண்ணியிருந்தோம். பக்க விளைவு விவரம் தெரிஞ்சதும் அங்க இருந்தே திரும்பக் கூப்பிட்டேன். அவரே டோஸைக் குறைச்சுச் சொன்னார். அம்மா கூடத் தங்கினாங்க, அப்பா அரளியைப் பார்த்துக்கத் திரும்பி வந்தார்.

கிளம்பறப்போ பையன்கிட்ட கேட்டேன். எல்லாரும் அவனைப் பத்தி முடிவு பண்ணிட்டோம், அவனை யாருமே கேட்கலைன்னு அப்போதான் உறைச்சுது. "தம்பி, உனக்கு இங்க இருக்க இஷ்டமா?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "இங்க கதவு சாத்துவாங்களா மேடம்?"

கேட்டுட்டு வந்து சொன்னேன். வாசல் கேட் ராத்திரி சாத்துவாங்க, ஆனா காலைக் கட்ட மாட்டாங்க, அம்மா கூப்பிடற தூரத்துல இருப்பாங்கன்னு. "அப்போ சரி"ன்னான். "பிடிக்கலைன்னா போன் பண்ணலாமா?" பண்ணலாம்னேன். ஒன்பதாவது நாள் பண்ணினான். பிடிக்கலைன்னு சொல்ல இல்லை. சாம்பார்ல உப்பு இல்லைன்னு.

48 நாள் முடிஞ்சு வந்தான். அதிசயம் எதுவும் நடக்கலை. குரல் இன்னும் இருக்கு, தூரத்துல ரேடியோ பாடற மாதிரி இருக்குன்னு சொல்றான். எச்சில் ஒழுகலை, நடுக்கம் கம்மி. அம்மா கையால சாப்பிடறான். காலையில மூணு மணிநேரம் பூ பறிக்கறான், அதுக்கு மேல முடியலை. கணுக்கால் தழும்பு இருக்கு, வேட்டி கட்டறதை விட்டுட்டு எப்பவும் பேன்ட்தான். மாசம் ஒரு தடவை ஜி.ஹெச்., நடுவுல என்கிட்ட. ஒவ்வொரு தடவையும் எச்சில், நடுக்கம், தூக்கம், மலச்சிக்கல்னு நானே வரிசையாக் கேட்கறேன். ஓ.பி.யில ரெண்டு நிமிஷம் கூடுதலா ஆகுது, நர்ஸ் முறைக்கறாங்க.

போன வாரம் அம்மா மட்டும் வந்தாங்க. மாத்திரை வாங்கத்தான். பையை மூடிட்டு, கிளம்பாம நின்னாங்க. "டாக்டரம்மா, புரட்டாசியில ஒரு தடவை குணசீலம் போயிட்டு வரலாம்னு இருக்கோம். மாத்திரை எத்தனை நாளைக்கு எடுத்து வெச்சுக்கணும்?"

பத்து நாளைக்குச் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன். கார்ல இடம் இருக்குமான்னும் கேட்டுட்டேன்.